பங்கில் சேராத கிணறு

பிள்ளைகளே, தோட்டத்துப் பக்கம் குடியிருக்கிற உங்கள் பெரியப்பா ஏன் நம்மோடு பேசுவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "போய்ப் படிக்கிற வேலையைப் பாருங்கள்" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறேன். போன வாரம் பெரியவள் வேதியியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கொழம்புது" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு என்னையும் அவரையும் சேர்த்து வைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்காக நான் எழுதவில்லை.

நெல்லித்தோப்பில் இந்த வீடு உங்கள் தாத்தா கட்டியது. கிணறும் அவர் வெட்டியதுதான். அவர் போன பிறகு அண்ணனும் நானும் கொஞ்ச காலம் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். பிறகு அடுப்பு இரண்டாயிற்று. அதன் பிறகு அண்ணியும் உங்கள் அம்மாவும் ஒருவர் நிழல் ஒருவர் மேல் பட்டால் குளிக்கிற அளவுக்குப் போய்விட்டது. அண்ணன் ஒருநாள் பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேரிடம் போய்த் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயிருந்தாலும் அவன் சட்டம் அப்போது இங்கிருந்து போகவில்லை. சொத்தைப் பிரிப்பதென்றால் நொத்தேர் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் பர்த்தாழ். பிரெஞ்சே தெரியாத கீரைக்காரிக்கும் அந்த வார்த்தை தெரியும். 'அவங்க வூட்ல பர்த்தாழ் ஆயிடுச்சி' என்று ஒருவர் சொன்னால், இனி கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்த இரண்டு குடும்பமும் ஒரே பந்தலில் நிற்காது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். வேறு அர்த்தம் அதற்கு எங்கள் ஊரில் கிடையாது.

பாகம் பிரிப்பது மூத்தவன், பிரித்ததில் தனக்கு வேண்டியதை முதலில் எடுப்பது இளையவன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் வீட்டைக் குறுக்கே பிரித்தார். தெருப்பக்கம் ஒரு பாகம், தோட்டப்பக்கம் ஒரு பாகம். தோட்டத்தில் தென்னையும் முருங்கையும் மாட்டுக் கொட்டகையும் இருந்ததால் நான் அதற்குத்தான் ஆசைப்படுவேன் என்று கணக்குப் போட்டிருந்தார். நான் தெருப்பக்கத்தைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிரும். கிணறு சரியாக நடுவில் நின்றது. அதை என்ன செய்வது என்று நொத்தேர் கேட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். 'பொது' என்று அவரே எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஆனால் வேலை இரண்டு பேருக்கும் ஒரே ஆலையில், அதிலும் ஒரே சாயப் பிரிவில். சாயத் தொட்டிக்கு அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் நான். கொதிக்கிற சாயத்தின் ஆவி நாள் முழுக்க முகத்தில் அடிக்கும். எனக்கு நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. ஆவியை விட்டு வெளியே வராவிட்டால் இருமலும் விடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு நெஞ்சு நன்றாக இருந்தது. அவருக்குக் காரச் சோடா விரல் இடுக்குகளைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூர் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு கெமிஸ்ட் வந்தார். லேபில் தனக்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைச் சாயப் பிரிவிலிருந்தே எடுக்கப் போகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுப்பாராம். முடிவில் வாய்மொழியாகக் கேள்வி கேட்பாராம். நன்றாகச் சொல்கிற ஒருவனுக்கு வேலை. லேபில் ஆவி கிடையாது, சோடா கிடையாது, உட்கார முக்காலி உண்டு. அண்ணன் பெயர் கொடுத்தார் என்று தெரிந்ததும் நானும் கொடுத்தேன். நான் கொடுத்தேன் என்பதால்தான் அவர் கொடுத்தார் என்று அண்ணி தெருவில் சொன்னாள். எது முந்தி என்று இன்னும் தீரவில்லை.

கெமிஸ்ட் தமிழில் ஒரு ரசாயனப் புத்தகம் தருவித்தார். ஆளுக்கொன்று இல்லை, இரண்டு பேருக்கு ஒன்று. யார் யாரோடு சேர்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் தம்பி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்ப நல்லதாப் போச்சுங்க, ஒரே வீடு" என்று எங்கள் இருவர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். சாயப் பிரிவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

புத்தகத்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கிடங்கு பாய். ஆலைக் கிடங்கில் உப்பும் சோடாவும் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. வாயும் அந்தத் தராசு மாதிரிதான், ஒரு பக்கமாகச் சாயாது. பெயர் கொடுக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்.

"இந்தாய்யா, உங்க அண்ணன் குடுத்தாரு" என்று கொடுப்பார்.

"பக்கத்த மடிச்சி வெச்சிக்கீறாரே, இது அவரு ஒருத்தரு புக்கா? கேளுங்க பாய்."

"நான் இன்னா உங்களுக்கு நடுவுல போஸ்ட் ஆபீஸா? மடிச்சவரு அதோ நிக்கறாரு, நீயே கேளு."

கேட்க மாட்டேன். அடுத்த முறை நானும் ஒரு பக்கத்தை மடித்து அனுப்புவேன்.

முதல் பாடம் உப்பு. சாயத் தொட்டியில் கூடை கூடையாகக் கொட்டுகிற அதே உப்புதான். கெமிஸ்ட் கரும்பலகையில் வட்டம் போட்டுப் புள்ளி வைத்தார். பெரியவளே, நீ குழம்பாமல் இருக்க அவர் சொன்னபடியே சொல்கிறேன். சோடியம் அணுவின் வெளிவட்டத்தில் ஒரே ஓர் எலெக்ட்ரான் தனியாக நிற்கிறது. குளோரின் அணுவின் வெளிவட்டம் நிறைய ஓர் எலெக்ட்ரான் குறைகிறது. சோடியம் தன்னுடையதைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது பிளஸ் ஆகிறது, வாங்கியது மைனஸ் ஆகிறது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அதுதான் அயனிப் பிணைப்பு.

கொடுத்தவனுக்குக் கையில் இருந்தது போய்விட்டதே, அவன் எப்படிப் பிளஸ் ஆவான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. எலெக்ட்ரான் என்பதே ஒரு மைனஸ், மைனஸை வெளியே விட்டவன் பிளஸ்தானே ஆவான் என்றார். அது விளங்கியதோ இல்லையோ, புத்தகம் ஒன்று என்பதால் என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்துவிட்டார்.

"அப்ப நான்தான் சார் பிளஸ்ஸு. தெருப்பக்கத்த வுட்டுக் குடுத்தவன் நான்."

நான் பாயைப் பார்த்துச் சொன்னேன்: "பாய், வுட்டுக் குடுக்கறதுன்னா மனசோட கையால எடுத்துக் குடுக்கறது. கையிலேர்ந்து நழுவிப் போனதுக்கு அந்தப் பேரு இல்லன்னு சொல்லுங்க."

"யார்கிட்டய்யா சொல்லணும்? உன் தோள் மேல இடிச்சிக்கினு குந்தினுகீறாரே அவருகிட்டயா?"

"நழுவிப் போச்சாம்! வழிப்பறி பண்ணவன் பேசறான் பாரு பாய்" என்றார் அண்ணன்.

"ஏனுங்க, சோடியம் குளோரினோட சண்டை போடாதுங்க. உட்காருங்க" என்றார் கெமிஸ்ட். உப்பு கரைத்த தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டார். கம்பியோடு மாட்டியிருந்த பல்பு எரிந்தது. தண்ணீரில் விழுந்ததும் பிளஸ் வேறு மைனஸ் வேறாகப் பிரிந்து மிதப்பதால்தான் மின்சாரம் ஓடுகிறது என்றார். சர்க்கரைத் தண்ணீரில் விட்டார். பல்பு எரியவில்லை. சர்க்கரை கரையும், ஆனால் அதன் அணுக்கள் ஒன்றையொன்று விடாது, அதில் இருப்பது வேறு வகைப் பிணைப்பு, அடுத்த வாரம் என்றார்.

அடுத்த வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது.

இரண்டு குளோரின் அணுவை வரைந்தார். இரண்டுக்குமே ஒவ்வொரு எலெக்ட்ரான் குறை. இரண்டும் வாங்க நினைக்கிறவை, கொடுக்க யாரும் இல்லை. அப்போது என்ன செய்யும்? புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்: பங்கீட்டுப் பிணைப்பு. உங்கள் புத்தகத்தில் சகப்பிணைப்பு என்று இருக்கிறதே, அதற்கு எங்கள் புத்தகத்தில் இந்தப் பெயர்.

அண்ணன் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து செர்த்திபிக்கா வாங்கியவர். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். அந்தப் பெருமை அவருக்கு எப்போதும் உண்டு. எழுந்து நின்று, "பங்கீடுன்னா பிரெஞ்சுல பர்த்தாழ், சார்" என்றார்.

"அப்படீங்களா? நல்லதுங்க. உங்களுக்கு அப்படிச் சொன்னாப் புரியும்னா அப்படியே வெச்சுக்குங்க" என்றார் கெமிஸ்ட்.

அவ்வளவுதான். அவர் அசலூர்க்காரர். அந்த வார்த்தை இந்த ஊரில் என்ன வேலை செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லார் தலையும் ஒன்றாக ஆடியது. அதுவரை விழித்துக்கொண்டிருந்தவர்கள் முகமெல்லாம் தெளிந்தது.

"அட, இவ்ளோதானா!" என்றார் பாய். "பாவம், அந்தக் குளோரினுக்கும் வூட்ல ஓர்ப்படி சண்ட போலக்கீது."

ஆக, சாயப் பிரிவு முழுவதும் அன்றைக்குக் கற்றுக்கொண்டது இதுதான்: உப்பு என்பது கொடுத்துச் சேர்வது, பங்கீடு என்பது பாகம் பிரித்துக்கொண்டு போய்விடுவது. கரும்பலகையில் இரண்டு வட்டத்துக்கும் நடுவில் இரண்டு புள்ளி இருந்தது. அது நொத்தேர் போட்ட எல்லைக்கல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரிந்து போவதற்கு எதற்குப் பிணைப்பு என்று பெயர் என மனசில் ஒரு முள் மட்டும் குத்தியது. எழுந்து கேட்டால் அண்ணன் சிரிப்பார். அவர் சிரிப்பதற்கு நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? கேட்கவில்லை.

பரீட்சை நெருங்கியது. இருமலும் ஏறியது. புத்தகம் என் முறைக்கு வந்த ஒருநாள் காலை, தெருப்பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கிணற்றடியில் சத்தம் கிளம்பியது. கிணற்றின் உருளை அண்ணன் பாகத்துப் பக்கம் இருந்தது, துவைக்கிற கல் நம் பக்கம். உங்கள் அம்மா தண்ணீர் சேந்தப் போனபோது அண்ணி கயிற்றை உருவிக்கொண்டு போயிருக்கிறாள்.

"கயிறு எங்க வூட்டுக்காரரு வாங்கனது. பர்த்தாழ் ஆயிடுச்சில்ல? அப்புறம் இன்னாத்துக்குத் தெனம் விடிஞ்சா எம் மூஞ்சியில வந்து முழிக்கற?"

"ஆமா, உம் மூஞ்சியப் பாக்க எனக்குக் கொள்ள ஆசை!" உங்கள் அம்மா குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "வூட்டப் பங்கு போட்டீங்க. தோட்டத்தப் பங்கு போட்டீங்க. ஒலக்கையக்கூட வுடல. இந்தக் கெணத்தப் போட்டீங்களா? போட்டிருந்தா நான் ஏண்டி இங்க வரேன்? இது ஒண்ணு பொதுவுல நிக்கறதாலதான் உன்னோட மாரடிக்கறேன்."

"புடிக்கலன்னா வுட்டுட்டுப் போயேன்!"

"நீ போ பாக்கலாம்! போவ மாட்ட. உனக்கும் தண்ணி வேணும், எனக்கும் வேணும். இது இருக்கறவரிக்கும் நீயும் என்ன வுட்டுப் போவ முடியாது, நானும் உன்ன வுட்டுப் போவ முடியாது. தலயெழுத்து!"

கையில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். 'இரு அணுக்களும் ஓர் இணை எலெக்ட்ரான்களைப் பொதுவாகக் கொண்டு' என்று ஒரு வரி. எத்தனையோ தடவை படித்த வரிதான். 'பொது' என்ற சொல் அப்போதுதான் கண்ணில் பட்டது.

பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு அணுவும் தன் எலெக்ட்ரான் ஒன்றை நடுவில் வைக்கிறது. வைத்ததை யாரும் பிரித்துக்கொள்வதில்லை. அந்த இரண்டையும் இதுவும் தன்னுடையது என்று எண்ணிக்கொள்கிறது, அதுவும் தன்னுடையது என்று எண்ணிக்கொள்கிறது. ஒரே கிணற்றை அண்ணி வீட்டிலும் 'எங்க கெணறு' என்பார்கள், நம் வீட்டிலும் 'எங்க கெணறு' என்பார்கள். இரண்டும் சரிதான். இரண்டுக்கும் குறை தீர்கிறது. அதனாலேயே ஒன்றை விட்டு ஒன்று நகர முடிவதில்லை. பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்பது இதில் கணக்கே இல்லை. நடுவில் இருந்த இரண்டு புள்ளியும் எல்லைக்கல் இல்லை, கிணறு.

இதை நான் உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சொல்லிக் கொடுத்தது நான்தானே, அந்த லேப் முக்காலியை எனக்குத் தா என்று கேட்டிருப்பாள். மறுநாள் புத்தகத்தைப் பாயிடம் கொடுத்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று சின்னவன் கேட்பான். ஏன் சொல்ல வேண்டும்? பர்த்தாழ் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னவர் அவர். செர்த்திபிக்கா வாங்கியவர் அவர். என் கழுத்தையா அறுத்துக்கொள்ளச் சொல்கிறாய்?

பரீட்சை அன்று ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேராகக் கூப்பிட்டார். எங்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். நாங்கள் கடைசி. உள்ளே போனபோது கெமிஸ்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா வேடிக்கை பார்க்க வந்த பாய் கதவோரம் நின்றார்.

மூத்தவர் என்பதால் அண்ணனை முதலில் கேட்டார். உப்பைப் பற்றி அண்ணன் மளமளவென்று சொன்னார். அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. "அடுத்தது?" என்றார் கெமிஸ்ட்.

"பங்கீட்டுப் பிணைப்பு சார். அதாவது பர்த்தாழ். ரெண்டு அணுவும் இருக்கறத ஆளுக்குப் பாதியா பிரிச்சிக்கிட்டு, அது அது தன் வழியப் பாத்துக்கினு போவறது."

"போயிட்டா அப்புறம் எங்கிருந்துங்க பிணைப்பு வருது?"

"அது பேருக்குத்தான் சார். எங்க ஊர்ல எல்லாப் பர்த்தாழும் அப்பிடித்தான். பத்திரத்துல மட்டும்தான் அண்ணன் தம்பி."

பாய் கதவுக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். கெமிஸ்ட் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பர்த்தாழுங்களா?"

"இல்ல சார்" என்றேன். "எங்க வூட்ல ஒரு கெணறு இருக்குது."

"டேய்."

பர்த்தாழ் ஆன பிறகு அண்ணன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"டேய், கெணத்த எடுக்காத. வூட்டு சமாச்சாரம்."

"அவரு சொல்லட்டுமுங்க" என்றார் கெமிஸ்ட்.

சொன்னேன். வீட்டைப் பிரித்ததைச் சொன்னேன், கிணற்றைப் பிரிக்காமல் விட்டதைச் சொன்னேன். "ரெண்டு வூட்டுக்கும் தண்ணி அதுலதான் சார். எனக்கு இவரு ஆவாது, இவருக்கு நான் ஆவாது. ஆனா கெணறு பொதுவுல நிக்கறவரிக்கும் இவரு என்ன வுட்டுப் போவ முடியாது, நானும் போவ முடியாது. அந்த ரெண்டு புள்ளியும் கெணறு சார். பங்கு போட்டதால சேரல. பங்கு போடாம வெச்சதாலதான் சேர்ந்து நிக்குது."

"உப்புக்கும் இதுக்கும் வித்தியாசம்?"

"உப்பு தண்ணியில வுழுந்தா குடுத்தவன் ஒரு பக்கம், வாங்கனவன் ஒரு பக்கம் போயிடுவான் சார். எங்களத் தண்ணியில போட்டாலும் பிரிக்க முடியாது. பல்பு எரியாது."

கெமிஸ்ட் மேஜையை ஓங்கித் தட்டினார். "இதத்தானுங்க காலையிலிருந்து ஒருத்தராவது சொல்ல மாட்டீங்களான்னு உட்கார்ந்திருந்தேன்!" திங்கட்கிழமையிலிருந்து லேபுக்கு வந்துவிடச் சொன்னார்.

அண்ணன் எனக்கு முன்னால் வெளியே போய் நின்றார். பாயிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். "ஊர்ல எல்லாரும் கெணத்துலேர்ந்து தண்ணி எறைப்பான். இவன் வேலைய எறைச்சிக்கினான் பாய். எங்கப்பன் வெட்டுன கெணத்தத் தூக்கி அந்த ஆளு மேஜ மேல வெச்சி வித்துட்டான்."

"பாடத்துல கேட்டதச் சொன்னேன்னு சொல்லுங்க பாய்."

"என்ன வுட்டு இவரு போவ முடியாதுன்னு சொல்றானே, நானா இவன் பின்னாடி சுத்தறேன்? பொதுவாம் பொது! இருக்கட்டும். அந்தப் பொதுவ இன்னா பண்றேன்னு பாரு."

லேப் வேலை கிடைக்காததைக் காட்டிலும் அந்த ஒரு சொல்தான் அவரைச் சுட்டது என்று எனக்குத் தெரிந்தது. தம்பியை அறவே வெட்டிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். நான் அதை அசலூர்க்காரர் முன்னால் பொய்யாக்கிவிட்டேன். ஆக்கினால் என்ன? உண்மையைத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்த வாரமே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிணற்றின் வாய்க்குக் குறுக்கே கருங்கல் பலகையைப் போட்டு, அதன் மேல் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார். நீங்கள் பந்தடித்து விளையாடுகிற சுவர் அதுதான். நொத்தேர் எழுதியது 'பொது', சுவர் வைக்கக் கூடாது என்று நான் போய் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு செங்கல்லுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுவர் முடிந்ததும் நம் பக்கத்துக்கு ஓர் உருளை வாங்கி மாட்டினேன். "நல்லதாப் போச்சி, காலங்காத்தால அவ மூஞ்சி தெரியாது" என்றாள் உங்கள் அம்மா.

முகம்தான் தெரியவில்லை. சுவர் கிணற்றின் வாயோடு நின்றுவிட்டது. கீழே தண்ணீர் இருந்தபடியே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேந்தினால் அடியில் வாளியும் வாளியும் முட்டிக்கொள்ளும். "வாளிய ஓரமா வுடச் சொல்லு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கத்துவார். யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று தெரியாது. அங்கே பாய்கூடக் கிடையாது. "மொதல்ல வந்த வாளி யாருதுன்னு கேளு!" என்று நானும் காற்றிடம் கத்துவேன். லேபுக்குப் போன பிறகு என் இருமல் விட்டிருந்ததால் நன்றாகவே கத்த முடிந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகி, வாளியில் புழுவாக ஏறியது. கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி முனிசிபாலிட்டி ஆட்கள் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எத்தனை அடித் தண்ணீருக்கு எவ்வளவு என்று கெமிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு, கடையில் வாங்கி வந்தேன். உங்கள் அம்மா கைக்குழந்தைகளாக இருந்த உங்களைத் தூக்கிக்கொண்டு தவளக்குப்பத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை.

முழுக் கிணற்றுக்கான அளவை நிறுத்து, அதைச் சரிபாதியாகப் பிரித்தேன். பாதியைப் பொட்டலம் கட்டி மாடத்தில் வைத்தேன். என் பாகத்துக்கு நான் போடுகிறேன், அவர் பாகத்துக்கு அவர் போட்டுக்கொள்ளட்டும். மீதியை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் நம் பக்கத்து வாயில் மெதுவாக ஊற்றினேன். கீழே அது விழுந்து, சுவருக்கு அடியில் வட்டம் வட்டமாகப் பரவி அந்தப் பக்கம் போயிற்று. எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதி மருந்து முழுத் தண்ணீரில் எதையும் கொல்லாது என்பது லேபில் உட்காருகிற எனக்குத் தெரியாததா? அந்தப் பக்கத்தில் உருளை கிறீச்சிட்டது. அவருடைய வாளி இறங்கித் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது.

வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன். மாடத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அதையும் அதே வாளியில் கொட்டிக் கரைக்க ஆரம்பித்தேன்.